குப்பியை எங்கே மாட்டுவது? மார்பகப் புற்றுநோயில் 'அனுபவத் துணை' பற்றிய எளிய விளக்கம்

மார்பக அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு ஃபைலும் மருந்துச் சீட்டும் இருக்கும். நைட்டிக்குள் ஒரு டிரெயின் குப்பி, அதாவது அறுவைக் காயத்தில் ஊறும் நீர் குழாய் வழியே வடிந்து சேரும் குப்பி, தொங்கும். தினமும் எத்தனை மில்லி வடிகிறது என்று எழுதிவைக்கும்படி நர்ஸ் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் குப்பியை எங்கே மாட்டிக்கொண்டு தூங்குவது, நம் கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரிலிருந்து குலசேகரம் வரை பேருந்தில் எப்படி மறைத்துக்கொண்டு போவது, பார்க்க வருகிற உறவுக்காரர்கள் முன்னால் எப்படி உட்காருவது என்பதெல்லாம் எந்த ஃபைலிலும் இருக்காது. டாக்டரிடம் கேட்டாலும் பெரிதாகப் பதில் வராது. அவர் குப்பியைப் பொருத்தியவர்தானே, சுமந்தவர் இல்லையே.

முன்பு அதைச் சுமந்த ஒருவர், இப்போது சுமக்கிறவருக்குச் சொல்லித்தருவதுதான் அனுபவத் துணை. ஆங்கிலத்தில் பியர் சப்போர்ட் என்பார்கள். மார்பகப் புற்றுநோய் சிகிச்சையை முடித்து, உடலும் மனமும் ஓரளவு நிலைப்பட்ட ஒரு பெண், புதிதாக நோய் கண்டறியப்பட்ட இன்னொரு பெண்ணோடு ஒரு முறையோடு பேசிக் கூட நிற்பது. சம்பளம் கிடையாது. நம் பக்கத்து வழக்கப்படி அவரை இங்கே துணை அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

'ஒரு முறையோடு' என்பதுதான் இதில் முக்கியம். நோய் வந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து உட்கார்ந்து, 'எங்க பெரியம்மைக்கும் இப்படித்தான் இருந்துது, ஆறு மாசம்தான்' என்று சொல்லிவிட்டுச் சாயா குடித்துப் போகிறவர்கள் நிறைய. துணை அக்காவின் வேலை அதற்கு நேர் எதிரானது. தன் கதையில் பெரும்பகுதியை உள்ளே வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவருக்கு இன்றைக்குத் தேவையான துண்டை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். சொல்லும்போது சுலபமாகத் தெரியும். செய்யும்போது பலரும் தடுமாறுவது இங்கேதான்.

எங்கிருந்து வந்தது

1952-ல் நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் என்ற பெண்மணி, மார்பகம் முழுவதையும் அகற்றிக்கொண்ட பிறகு, தன்னைப் போன்றவர்களைப் படுக்கையருகே போய்ப் பார்க்கத் தொடங்கினார். ரீச் டு ரிகவரி என்று அதற்குப் பெயர். மார்பு, அதன் அடித்தசை, அக்குள் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த காலம் அது. கையை எப்படி உயர்த்துவது, ரவிக்கைக்குள் என்ன வைப்பது என்று சொல்ல ஆளில்லை. வெளியாள் வார்டுக்குள் வருவதைப் பல அறுவை மருத்துவர்கள் முதலில் விரும்பவும் இல்லை. 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அந்தத் திட்டத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஆறுதல் வார்த்தையோடு மட்டும் போகவில்லை. கைப்பயிற்சிக்குப் பந்தும் கயிறும், தற்காலிகமாக உள்ளே வைத்துக்கொள்ள ஒரு மாற்று மார்பும் எடுத்துக்கொண்டு போனார். இதன் அருமை பிற்பாடு நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. 1990-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 312 பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நோய் பற்றிய தகவல் கிடைத்த குழுக்களுக்குப் பலன் தெரிந்தது. ஒருவர் கதையை ஒருவர் கேட்பதோடு நின்ற குழுக்களில் அப்படிப் பலன் தெரியவில்லை. வீட்டிலேயே நல்ல ஆதரவு இருந்த சிலருக்கு அந்தப் பேச்சு பாரமாகக்கூட ஆனது. வீட்டில் ஆதரவு இல்லாதவர்களுக்குத்தான் அது உதவியது. ஆகவே எல்லாருக்கும் துணை அக்கா தேவை என்று சொல்லிவிட முடியாது. வேண்டாம் என்கிறவரை விட்டுவிட வேண்டும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடலாம். இது ஆயுளைக் கூட்டும் மருந்து கிடையாது. குழு ஆதரவு ஆயுளை நீட்டுவதாக 1989-ல் ஓர் ஆய்வு பெரிய நம்பிக்கை கொடுத்தது. 2001-ல் வந்த பெரிய ஆய்வில் மனத்துயரம் குறைந்தது, ஆயுள் கூடவில்லை.

யாருக்கு யார்

பொருத்தம் பார்க்காமல் ஆளை அனுப்பினால் நல்ல மனசு இருந்தும் காரியம் கெடும். முதலில் அறுவையின் வகை. கட்டியை மட்டும் எடுத்தவருக்கும் மார்பகம் முழுவதும் எடுத்தவருக்கும் கேள்விகள் வேறு. அடுத்தது சிகிச்சை. கீமோ இல்லாமல் மாத்திரையோடு முடிந்தவரால், முடி கொட்டுவதைப் பற்றி என்ன சொல்ல முடியும்? பிறகு வயதும் வீட்டுச் சூழலும். கைக்குழந்தை வைத்திருக்கும் 34 வயதுக்காரிக்கு 65 வயதுப் பாட்டி அன்பாகப் பேசலாம், ஆனால் பால் மறக்கடிப்பது பற்றியோ இனி குழந்தை பெறுவது பற்றியோ பேச வராது.

நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டவரிடம் 'எனக்குச் சரியாகிவிட்டது, உனக்கும் ஆகும்' என்று சொல்லும் ஆளை அனுப்பவே கூடாது. அதே நிலையில் சிகிச்சை எடுத்துக்கொண்டே வாழ்கிற ஒருவர்தான் அவருக்குச் சரி. அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால், பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் விடுவது மேல்.

நம் மாவட்டத்துக்கென்று ஒன்று உண்டு. இங்கே ஊர்கள் நெருக்கம். ஒரே கோயில், ஒரே சர்ச், ஒரே பள்ளிவாசல், ஒரே குடும்பத்துக்குள் சம்பந்தம். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டால் திங்கட்கிழமை ஊருக்கே தெரிந்திருக்கும். அதனால் அதே ஊர் ஆளை விட, குளச்சல்காரருக்குத் தக்கலையிலிருந்தோ, கருங்கல்காரருக்குத் தோவாளைப் பக்கத்திலிருந்தோ ஒருவர் இருப்பது நல்லது. பேச்சு வழக்கு ஒத்துப்போகும், வம்பு தொடராது. விளவங்கோடு பக்கத்தவர்கள் பலர் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அங்கேயே சிகிச்சை முடித்தவர் கிடைத்தால் ரயில் நேரம், தங்குமிடம், சீட்டு எடுக்கும் வரிசை எல்லாமே பாதி தீர்ந்த மாதிரி.

சிகிச்சை முடிந்து குறைந்தது ஒரு வருடமாவது ஆனவர்தான் துணை அக்காவாக வர வேண்டும். தன் காயம் ஆறுவதற்குள் பிறர் காயத்தைத் தொட்டால் இரண்டும் புண்ணாகும்.

எந்த நாளில் என்ன

முதல் பேச்சு அறுவைக்கு முன்னால் நடந்தால் நல்லது. நோயாளியின் சம்மதத்தை வாங்கிய பிறகே அவர் எண்ணைக் கொடுக்க வேண்டும். மாமியாரோ கணவரோ சம்மதித்தது போதாது. அரை மணி நேரம் போதும். 'இப்ப பேச முடியுமா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?' என்று தொடங்குவது நல்ல வழக்கம். போன் ஸ்பீக்கரில் கிடக்கும் வீடுகள் உண்டு.

அறுவை முடிந்த வாரத்தில்தான் குப்பிக் கேள்வி வரும். துணியில் நீள வாருள்ள ஒரு சின்னப் பை தைத்து, குப்பியை அதில் வைத்துத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளலாம். குப்பி எப்போதும் காயத்துக்குக் கீழே இருக்க வேண்டும், குழாய் இழுபடக் கூடாது. முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு மூன்று வேண்டும். வடிவது முதலில் சிவப்பாக இருந்து பிறகு வைக்கோல் நிறமாகும். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பது பொதுவான வழக்கம், மருத்துவமனைக்கு மருத்துவமனை அது சற்று மாறும். எடுத்த பிறகும் அக்குளில் நீர் கோத்து வீங்கலாம். டாக்டர் ஊசியால் எடுத்துவிடுவார், வீட்டில் அமுக்கிப் பார்க்க வேண்டியதில்லை. மேற்கையின் உட்பக்கம் மரத்துப்போய், புடவை உரசினாலே கூசும். அங்கே போகும் உணர்வு நரம்பு அறுவையில் அறுபடுவதோ நசுங்குவதோதான் காரணம். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால், திரும்பவும் நோய் வந்துவிட்டதோ என்று நடுராத்திரி பயப்பட வேண்டியிருக்காது.

சில வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு இழுத்துக் கட்டியதுபோலத் தோன்றலாம். அதுவும் நோய் திரும்பியது இல்லை. பயிற்சியில் தளரும். பயிற்சி என்றால் சுவரேற்றம்தான்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மேலே ஊர்ந்து, எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. மறுநாள் கோடு கொஞ்சம் மேலே போக வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. குப்பி எடுக்கும் வரை தோளுக்கு மேல் கையைத் தூக்க வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள், எப்போது தொடங்குவது என்பதை டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லட்டும். வலிக்குப் பயந்து கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். பிறகு கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைக்கும்போது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க முடியாமல் தேதி தள்ளிப்போகும்.

கீமோவுக்கு முந்தின பேச்சில் மூன்று விஷயம் கட்டாயம். சிவப்பு மருந்து என்று எல்லாரும் சொல்லும் டாக்ஸோரூபிசின் போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. முடி, முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டால் கொத்தாக வருகிற அதிர்ச்சி குறையும். சர்ச்சிலும் பள்ளிவாசல் வீடுகளிலும் முக்காடு பழக்கம் இருப்பதால் பாதி மறைந்துவிடும். பூ வைத்துப் பழகியவர்களுக்கு அது கூடுதல் துக்கம், அதைக் கேலியாக எடுக்கக் கூடாது. மூன்றாவதுதான் உயிர் விஷயம்: வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், அது ராத்திரி இரண்டு மணியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மருந்து போட்டு ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். காலையில் பார்க்கலாம் என்று ஒரு காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுப்பது ஆபத்து.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீன் பொரிக்கும் மணம் பிடிக்காமல் போகும். கஞ்சியும் பயறும் பெரும்பாலும் இறங்கும்.

அதற்குப் பிறகு கையின் காலம். அக்குள் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையில் நிணநீர் வடியும் வழி குறைந்திருக்கும். அந்தக் கையில் சின்னக் காயம்பட்டாலும் கிருமி வேகமாகப் பரவி, கை வீங்கி நிற்கலாம். நம் மாவட்டத்துப் பெண்களின் வேலைகளைப் பாருங்கள். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், முந்திரித் தோட்டின் எண்ணெய் கையைப் பொள்ளவைக்கும். மீன் அறுக்கும்போது முள் குத்தும். ரப்பர் தோட்டத்தில் கத்தி. 'கையைப் பத்திரமாப் பாத்துக்கோங்க' என்ற பொது வார்த்தை இவர்களுக்கு எந்தப் பயனும் தராது. கையுறை, முடிந்தால் மறுகையை முன்னால் கொண்டுவருவது, குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வைப்பது, சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி: இப்படிச் சொன்னால்தான் உதவும். ரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் ஊசிக்கும் மற்றக் கையை நீட்டச் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கை வீங்கினால் ஆசானிடம் (வர்ம வைத்தியரிடம்) போய் எண்ணெய் போட்டு அழுத்தித் தடவிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் வேரோடியது. சுளுக்குக்கு அது எப்படியோ, நிணநீர் வீக்கத்துக்கு ஒத்துவராது. இதற்கான மசாஜ் தோலை மட்டும் மெல்ல நகர்த்துவது, அதையும் பயிற்சி உள்ளவர்தான் செய்ய வேண்டும். பிறகு கைக்கு அளவெடுத்துப் போடும் அழுத்த உறை.

எங்கே சறுக்கும்

பெரிய சறுக்கல் ஒப்பீடு. 'எனக்கு கீமோ நாலுதான், உனக்கு ஏன் எட்டு?' என்று துணை அக்கா வாய்தவறிக் கேட்டால் போதும், எதிரில் இருப்பவர் அன்றிரவு தூங்கமாட்டார். மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. ஹார்மோன் ஏற்பி உள்ளது, ஹெர்-2 புரதம் மிகுந்தது, இவை எதுவுமே இல்லாதது என்று பிரியும். முதல் வகைக்கு மாத்திரை ஐந்து வருடமோ அதற்கு மேலோ. இரண்டாவதற்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, பொதுவாக ஒரு வருடம். மூன்றாவதற்கு இவை இரண்டும் பயன்படாது. ஆகவே மருந்து, எண்ணிக்கை, பிழைக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றிலும் தன் அனுபவத்தை அளவுகோலாக நீட்டக் கூடாது. கேள்வி வந்தால் இப்படி மடக்கலாம்: 'மக்ளே, அது உங்க ரிப்போர்ட்ட பாத்தவருக்குத்தான் தெரியும். வாங்க, என்ன கேக்கணும்னு ஒரு தாள்ல எழுதுவோம்.' அந்தத் தாளோடு ஓபிக்குப் போகிறவர், வெறுங்கையோடு போகிறவரை விட அதிகம் தெரிந்துகொண்டு வருவார்.

அடுத்தது முள்சீத்தா. அந்தப் பழமும் இலைக் கஷாயமும் புற்றை அழிக்கும் என்ற பேச்சு நம் பக்கம் வீடுவீடாக உண்டு. மனிதர்களிடம் அப்படி நிரூபணம் எதுவும் இல்லை. ஆனால் 'பைத்தியமா உனக்கு' என்று திட்டினால் அவர் ஒளித்துக் குடிப்பார். எதைக் குடித்தாலும் டாக்டரிடம் சொல்லும்படி செய்வதும், சிகிச்சைத் தேதியை மட்டும் விடாமல் பார்ப்பதும்தான் புத்தி. சத்துமாவு, மூலிகை டானிக் விற்கிற துணை அக்கா வந்தால் அன்றோடு அந்தத் தொடர்பை முடித்துக்கொள்ளுங்கள்.

'தைரியமா இருங்க' என்பதும் ஒரு சறுக்கல்தான், யாரும் நம்ப மாட்டார்கள். அழுகிறவரை அழவிடாமல் மூடும் வார்த்தை அது. பேசாமல் இரண்டு நிமிடம் போனில் இருப்பது அதைவிடப் பெரிய காரியம்.

கணவரோடு படுப்பது பற்றி, மகளுக்குக் கல்யாணம் நடக்குமா என்பது பற்றி இவரிடம்தான் முதலில் கேட்பார்கள். முதலாவதுக்கு உடல்ரீதியான தடை பெரும்பாலும் இல்லை. வறட்சி, களைப்பு, கூச்சம் உண்டு, டாக்டரிடம் கேட்கலாம். சிகிச்சைக் காலத்தில் கருத்தடை மட்டும் கட்டாயம். மகள் விஷயத்தில் ஒரு தகவல் பலருக்கு மூச்சு விடவைக்கும்: பரம்பரை மரபணுவால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். இள வயதில் வந்தவர்களும், குடும்பத்தில் பலருக்கு வந்தவர்களும் மரபணுச் சோதனை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வாழ்ந்து என்ன செய்ய என்ற பேச்சு வந்தால் ரகசியம் காக்கும் விதி அங்கே முடிகிறது. 'இத நான் ஒருத்தரிட்ட சொல்லணும்' என்று அவரிடமே சொல்லிவிட்டு, வீட்டில் நம்பிக்கையான ஒருவரையும் மருத்துவமனையையும் தொடர்புகொள்ள வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் 181.

எப்படித் தேடுவது

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், நெய்யூர் புற்றுநோய் மையமானாலும், தனியார் ஆஸ்பத்திரியானாலும், வார்டு நர்ஸிடமோ சமூகப் பணியாளரிடமோ நேராகக் கேளுங்கள்: 'இதே ஆபரேஷன் செய்து முடிச்ச ஒருத்தர் என்கிட்ட பேசுவாங்களா?' முறையான திட்டம் இல்லாத இடத்திலும் நர்ஸுக்கு இரண்டு மூன்று பேரைத் தெரிந்திருக்கும். கீமோ போடும் அறையின் வெளிப் பெஞ்சில் தானாக நடக்கும் பேச்சும் துணைதான். மேலே சொன்ன ஒப்பீட்டுச் சறுக்கலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல துணை அக்காவுக்குக் காகித வழியும் தெரிந்திருக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை அறுவைத் தேதிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எல்லை தாண்டிப் போவதானால் அந்த அட்டை அங்கே செல்லுமா என்று முதலிலேயே கேட்க வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு: இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம், ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி. கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வே படிவத்தில் மருத்துவமனை கையெழுத்து வேண்டும். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே மாதக்கணக்கில் போய்வருகிறவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

சிகிச்சை முடிந்த பிறகுதான் பல வீடுகளில் ஆதரவு வற்றும். 'அதான் முடிஞ்சாச்சே' என்பார்கள். மாத்திரையால் திடீரென்று உடம்பு கொதிக்கும், மூட்டு வலிக்கும், ஒவ்வொரு செக்கப்புக்கு முன்னாலும் தூக்கம் போகும். துணை அக்கா மாதம் ஒரு போன் என்று குறைத்துக்கொண்டாலும், அந்த முதல் வருடம் முழுவதும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணை அக்காவுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ராத்திரி ஒன்பதுக்குப் பிறகு அவசரம் தவிர பேச்சு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடலாம். தான் பார்த்துக்கொண்டவர் இறந்துபோனால் அதைப் பேச அவருக்கும் ஓர் ஆள் வேண்டும். தன்னுடைய வருடாந்திர மேமோகிராம் வரும் வாரத்தில் புதிதாக யாரையும் ஏற்க வேண்டாம். ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.